பிறகு சேர்த்த லிங்க்குகளில் மோடல் பாப்-அப் திறக்க மறுக்கிறது

கடிதப்பெட்டி (கேள்வி):

வணக்கம். மூன்று இரவாக ஒரே இடத்தில் நிற்கிறேன். யாராவது கை கொடுங்கள்.

அப்பா எழுதியதும் அப்பாவுக்கு வந்ததுமாக எங்கள் வீட்டில் 340 கடிதங்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, குடும்பத்தார் படிப்பதற்காக ஒரு பக்கம் கட்டியிருக்கிறேன். பக்கம் திறந்ததும் முதல் 20 கடிதங்களின் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியும் ஒரு லிங்க்: தேதி, யாருக்கு, கடிதத்தின் முதல் வாக்கியம். அதைத் தொட்டால் அதே பக்கத்தின் மேல் ஒரு மோடல் (மேலே மிதக்கும் சிறு சாளரம்) திறந்து, கடிதத்தின் படமும் கீழே நான் தட்டச்சு செய்த வாசகமும் தெரியவேண்டும். பட்டியலின் அடியில் "இன்னும் கடிதங்கள்" என்று ஒரு பட்டன். அழுத்தினால் சர்வரிலிருந்து அடுத்த 20 வந்து சேரும்.

முதல் 20 அழகாகத் திறக்கின்றன. பட்டனை அழுத்தி வந்த 21-வது கடிதத்தைத் தொட்டால் மோடல் வருவதில்லை, படக்கோப்பு மட்டும் தனிப் பக்கமாக ஏறுகிறது. இன்னொன்றும் கவனித்தேன், அதுதான் என்னைக் குழப்புகிறது: பட்டனை ஒரு முறை அழுத்திவிட்டால், அதுவரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த முதல் 20-ம் சேர்ந்து செயலிழந்துவிடுகின்றன. பிரௌசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பாக ஒரு வரிகூட இல்லை.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான். பக்கம் ஏறியதும் "கடிதம்" என்ற கிளாஸ் உள்ள லிங்க்குகளை குவெரி செலக்டர் ஆல் மூலம் எடுக்கிறேன். ஒரு லூப் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆட் ஈவென்ட் லிஸனர் கொண்டு, கிளிக் நடந்தால் ஓடவேண்டிய ஒரு ஃபங்ஷனை (லிஸனரை)க் கட்டுகிறேன். அந்த ஃபங்ஷனுக்குள் பிரிவென்ட் டிஃபால்ட் (லிங்க்கின் முகவரிக்குப் போகாமல் தடுப்பது), அப்புறம் மோடலைத் திறக்கும் வேலை. புதிய வரிகள் ஃபெட்ச் (சர்வரிடம் கேட்டு வாங்குவது) மூலம் வருகின்றன. பட்டியலின் இன்னர் ஹெச்டிஎம்எல்லுக்கு (அதன் உள்ளடக்கத்துக்கு) பிளஸ்-ஈக்வல் போட்டு அவற்றை ஒட்டுகிறேன்.

ஃபெட்ச் வரிக்குக் கீழேயே அந்த லூப்பை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. அதையே செட் டைம்அவுட்டில் ஒரு விநாடி தள்ளி வைத்தேன். என் கணினியில் வேலை செய்தது. அத்தையின் போனில் செய்யவில்லை.

அத்தைக்கு 78 வயது. அவருக்கு அப்பா எழுதிய கடிதங்கள் 150-க்கு மேல்தான் தொடங்குகின்றன. அங்கே போய்ச் சேர்ந்து ஒன்றைத் தொடுகிறார், படம் மட்டும் திறக்கிறது, திரும்பி வந்தால் பட்டியல் மறுபடி முதல் 20-ல் நிற்கிறது. நேற்று, "எனக்கு எழுதியதை மட்டும் நீ போடவே இல்லையா?" என்று கேட்டார். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.


மரக்கிளை (பதில்):

அப்பாவின் கடிதங்களை இப்படி எடுத்து வைப்பது பெரிய வேலை. சிக்கல் தீரக்கூடியதுதான், ஆனால் இதில் மூன்று சங்கதி ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது. பிரித்துச் சொல்கிறேன்.

நீங்கள் லிஸனரைக் கட்டுவது "கடிதம்" என்ற கிளாஸின் மேல் அல்ல. லூப் ஓடிய அந்தக் கணத்தில் பக்கத்தில் இருந்த 20 லிங்க்குகளின் மேல். ஸ்டைல்ஷீட்டில் ஒரு விதி எழுதினால் நாளை வரப்போகும் லிங்க்குக்கும் அது பொருந்தும். லிஸனர் அப்படியல்ல. அந்தத் தனி எலிமென்ட்டோடு ஒட்டிக்கொள்வது அது. 21-வது கடிதம் பிறக்கும்போது அதன் மேல் ஒன்றும் இல்லை, அதனால் பிரௌசர் தனக்குத் தெரிந்த இயல்பான வேலையைச் செய்கிறது: முகவரிக்குப் போகிறது.

முதல் 20 ஏன் செத்தன என்று கேட்டீர்களே, அதற்குக் காரணம் அந்த பிளஸ்-ஈக்வல். "இருப்பதோடு சேர்" என்பதுபோலத் தோன்றும், நடப்பது வேறு. இருக்கும் பட்டியல் முழுவதும் எழுத்துச் சரமாக மாறுகிறது, அதன் வாலில் புதியது ஒட்டுகிறது, பிறகு பழைய எலிமென்ட்டுகளை எல்லாம் எறிந்துவிட்டு மொத்தத்தையும் பிரௌசர் புதிதாகக் கட்டுகிறது. கண்ணுக்கு அதே வரிகள். ஆனால் நீங்கள் லிஸனர் கட்டிய எலிமென்ட்டுகள் இப்போது பக்கத்திலேயே இல்லை. எழுத்துச் சரத்துக்கு லிஸனரைச் சுமக்கத் தெரியாது. இதற்குப் பதிலாக இன்சர்ட் அட்ஜசன்ட் ஹெச்டிஎம்எல் என்ற மெத்தடை எடுத்து, இடம் "பிஃபோர் எண்ட்" என்று கொடுங்கள். அது இருப்பதைத் தொடாமல் அடியில் மட்டும் சேர்க்கும்.

மூன்றாவது, ஃபெட்ச். அந்த வரியைத் தாண்டிவிட்டோம் என்பதால் பதில் வந்துவிட்டது என்று ஆகாது. கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், பதில் வரும்போதுதான் வரும். அதனால் உங்கள் லூப் இரண்டாம் முறை ஓடியபோது புதிய லிங்க்குகள் வந்திருக்கவே இல்லை. ஒரு விநாடி தள்ளி வைத்தது உங்கள் இணைய வேகத்தில் எப்படியோ பொருந்திவிட்டது, அத்தையின் போனில் பொருந்தவில்லை. செட் டைம்அவுட்டை எடுத்துவிடுங்கள், அதை நம்பி ஒன்றும் கட்ட முடியாது.

லூப்பை தென்-க்குள், அதாவது பதில் வந்த பிறகு ஓடும் இடத்தில், வைத்தாலும் போதாது. இன்சர்ட் அட்ஜசன்ட்டுக்கு மாறிய பிறகு பழைய 20 அப்படியே இருக்கும், லூப் அவற்றின் மேல் இரண்டாவது லிஸனரையும் கட்டும். ஒரே ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கொடுத்தால் பிரௌசர் இரட்டிப்பைத் தவிர்த்துவிடும். லூப்புக்குள்ளேயே ஆரோ ஃபங்ஷன் (பெயரில்லாத ஃபங்ஷன்) எழுதினால் ஒவ்வொன்றும் புதியது, மோடல் இரண்டு முறை, மூன்று முறை என்று திறக்கும்.

சரியான வழி, லிங்க்கின் மேல் கட்டாமல் பட்டியலின் மேல் ஒரே ஒரு லிஸனர் கட்டுவது. கிளிக் நடந்த இடத்திலிருந்து அந்த ஈவென்ட் தாய், பாட்டி என்று மேல்நோக்கி டாக்குமென்ட் (முழுப் பக்கம்) வரை ஏறிப் போகும். பட்டியல் பக்கம் ஏறியதிலிருந்து அங்கேயே இருக்கிறது, அதன் பிள்ளைகள்தான் வருகிறார்கள் போகிறார்கள். லிஸனருக்குள் செய்யவேண்டியது: ஈவென்ட்டின் டார்கெட்டை (தொட்ட எலிமென்ட்டை) எடுத்து, அதன் மேல், அங்கிருந்து மேல்நோக்கித் தேடும் குளோசஸ்ட் மெத்தடை "கடிதம்" கிளாஸ் உள்ள லிங்க்கைத் தேடச் சொல்லிக் கூப்பிடுங்கள். நல் (ஒன்றும் கிடைக்கவில்லை) என்று வந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். லிங்க் கிடைத்தால் பிரிவென்ட் டிஃபால்ட், பிறகு அதன் டேட்டா பண்பிலிருந்து கடித எண்ணை எடுத்து மோடலைத் திறங்கள். 20 கடிதமோ 340-ஓ, லிஸனர் ஒன்றுதான். இதற்கு ஈவென்ட் டெலிகேஷன் என்று பெயர்.

சந்தேகம் வரும்போது கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. குரோமில் அந்த லிங்க்கை இன்ஸ்பெக்ட் செய்து "ஈவென்ட் லிஸனர்ஸ்" தாவலைத் திறங்கள், "ஆன்செஸ்டர்ஸ்" டிக்கை எடுத்துவிடுங்கள். 21-வது கடிதத்துக்கு அந்த இடம் காலியாக இருப்பது தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் லிஸனர் உள்ள எலிமென்ட்டுக்குப் பக்கத்திலேயே "ஈவென்ட்" என்று சின்ன முத்திரை காட்டும்.


நடுவழி (பதில்):

இதே சிக்கல் எனக்கும். ஆனால் என் பக்கம் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதியது. தேடியதில் "லைவ்" என்ற மெத்தடைப் போடச் சொல்லி ஒரு பழைய விடை கிடைத்தது. போட்டால் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது.


மரக்கிளை (பதில்):

நடுவழி, லைவ் 1.7-லேயே கைவிடப்பட்டது, 2013-ல் வந்த 1.9-ல் நீக்கியே விட்டார்கள். "ஆன்" போடுங்கள், ஆனால் பட்டியலின் மேல்: முதலில் கிளிக், இரண்டாவதாக லிங்க்கின் செலக்டர், மூன்றாவதாக ஃபங்ஷன். நடுவிலுள்ள செலக்டரை விட்டுவிட்டு லிங்க்கின் மேலேயே ஆன் போட்டால் பழைய கதைதான்.


கடிதப்பெட்டி:

மரக்கிளை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் 20-ம் ஏன் போயின என்பதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. நான் ஏதோ பெரிதாகக் கெடுத்துவிட்டேன் என்று பயந்துகொண்டிருந்தேன்.

மாற்றி எழுதினேன். முதலில் குளோசஸ்ட்டை விட்டுவிட்டு, டார்கெட்டிலேயே கிளாஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். வரியின் வெற்றிடத்தைத் தொட்டால் திறந்தது, தேதியைத் தொட்டால் திறக்கவில்லை. தேதி ஒரு ஸ்பான் டேக்குக்குள் இருப்பதால் டார்கெட் அந்த ஸ்பான் ஆகிவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. குளோசஸ்ட் ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது.

இப்போது புதிய சிக்கல். பக்கத்தின் ஓரத்தில் ஆண்டுவாரியாகவும் கடிதங்களின் லிங்க் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாக இருக்கட்டும் என்று லிஸனரைப் பட்டியலின் மேல் கட்டாமல் டாக்குமென்ட்டின் மேல் கட்டினேன். இப்போது எந்த லிங்க்கைத் தொட்டாலும் மோடல் திறப்பதே இல்லை, பழைய முதல் 20 உட்பட. திறக்கும் ஃபங்ஷனுக்குள் கன்சோலில் எழுதச் சொன்னால் எழுதுகிறது. அதாவது உள்ளே போகிறது, ஆனால் மோடல் தெரிவதில்லை.

கோப்பின் கடைசியில், மோடலுக்கு வெளியே தொட்டால் மூடுவதற்காக டாக்குமென்ட் மேல் இன்னொரு கிளிக் லிஸனர் இருக்கிறது. முன்பு இதனால் தொந்தரவு இருந்ததில்லை, ஏனென்றால் லிங்க்கின் லிஸனரில் ஸ்டாப் பிராபகேஷன் போட்டிருந்தேன். இப்போதும் போட்டிருக்கிறேன்.


ஓரவரி (பதில்):

மோடல் திறக்கத்தான் செய்கிறது. அதே கிளிக்கில் மூடியும் விடுகிறது. இரண்டும் ஒரு கணத்துக்குள் நடப்பதால் திரையில் வரைவதற்கே நேரம் இல்லை.

ஸ்டாப் பிராபகேஷன் ஈவென்ட்டை அடுத்த படிக்கு ஏறவிடாது, அவ்வளவுதான். முன்பு லிங்க்கிலேயே நிறுத்தினீர்கள், டாக்குமென்ட் வரை போகவில்லை. இப்போது திறப்பவரும் மூடுபவரும் ஒரே டாக்குமென்ட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே எலிமென்ட்டில் இருக்கும் லிஸனர்கள் பதிவான வரிசையில் எல்லாம் ஓடும். திறப்பது முதலில், மூடுவது அடுத்து. மூடும் லிஸனர் பார்க்கும்போது மோடல் திறந்திருக்கிறது, கிளிக் நடந்ததோ வெளியே இருக்கும் லிங்க்கில். அது தன் கடமையைச் செய்கிறது.

ஸ்டாப் இமீடியட் பிராபகேஷன் என்று ஒன்று உண்டு, அது பக்கத்தில் இருப்பவரையும் தடுக்கும். நான் அதைப் போடச் சொல்ல மாட்டேன். நாளை கோப்பில் வரிசை மாறினால் உடைந்துபோகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் மோடல் சாதாரண டிவ் (வெறும் பெட்டி டேக்) என்று நினைக்கிறேன். அதை டயலாக் டேக்காக மாற்றிவிடுங்கள், ஷோ மோடல் மெத்தடால் திறங்கள். குரோமில் இது 2014-லிருந்தே இருக்கிறது. 2022 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 98-ம் சஃபாரி 15.4-ம் வந்த பிறகு எல்லாப் பெரிய பிரௌசர்களிலும் வந்துவிட்டது. அத்தையின் போனில் பிரௌசர் அதற்குப் பிந்தையதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷோ மோடலில் திறந்தால் பின்னாலிருக்கும் பக்கம் தொடமுடியாதபடி ஆகிவிடும். எஸ்கேப் விசையில் மூடும். மூடியதும் ஃபோகஸ் (விசைப்பலகை நிற்கும் இடம்) பழைய லிங்க்குக்கே திரும்பும். எல்லாவற்றுக்கும் மேலான தனி அடுக்கில் நிற்பதால் எது எதற்கு மேல் என்ற இசட்-இண்டெக்ஸ் சண்டையும் இல்லை. வெறும் ஷோ என்று ஒரு மெத்தட் இருக்கிறது, அதில் பின்பக்கத்தைத் தடுப்பதும் எஸ்கேப்பில் மூடுவதும் தனி அடுக்கும் வராது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெளியே தொட்டால் மூடுவதற்கு டாக்குமென்ட் மேல் லிஸனரே வேண்டாம். டயலாக்கின் மேல் ஒன்று கட்டுங்கள்: டார்கெட் அந்த டயலாக்கேதான் என்றால் மூடு. பின்திரையைத் தொட்டால் டார்கெட் டயலாக்காக வரும், உள்ளே கடிதத்தைத் தொட்டால் படமோ பத்தியோ வரும். ஆனால் டயலாக்கின் பேடிங்கை (உள் ஓர இடைவெளியை)ப் பூஜ்யமாக்கி, உள்ளே ஒரு டிவ் வைத்து அதற்குப் பேடிங் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்து வெள்ளைப் பகுதியைத் தொட்டாலே கடிதம் மூடிக்கொள்ளும்.


தடவிப்படிப்பவள் (பதில்):

இரண்டு பேரும் சொன்னது சரி. நான் கேட்பது அத்தையைப் பற்றி.

போனில் ஒன்று திறந்தால் பெரும்பாலானோர் மூடுகிற குறியைத் தேடுவதில்லை, பின்செல் பட்டனைத்தான் அழுத்துவார்கள். மோடல் புதிய பக்கம் அல்ல என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 163-வது கடிதம் திறந்திருக்கும்போது அவர் பின்செல் அழுத்தினால் உங்கள் பக்கத்தை விட்டே வெளியே போகக்கூடும், திரும்பினால் மறுபடி முதல் 20. லிங்க் சிக்கல் தீர்ந்தாலும் அவருக்குத் தீரவில்லை.

மோடலைத் திறக்கும்போது ஹிஸ்டரியில் புஷ் ஸ்டேட் மூலம் ஒரு பதிவு சேர்த்து, அதில் கடித எண்ணை வையுங்கள். பக்கம் மாறாது, ஆனால் பின்செல்ல ஒரு படி கிடைக்கும். பின்செல் அழுத்தினால் பாப் ஸ்டேட் ஈவென்ட் வரும், அதில் டயலாக்கை மூடுங்கள். வேறு வழியாக மூடினால் அந்தப் பதிவு மிச்சம் நிற்கும். அதனால் டயலாக்கின் குளோஸ் ஈவென்ட்டில், ஹிஸ்டரியின் ஸ்டேட்டில் கடித எண் இன்னும் இருந்தால் மட்டும் ஒரு படி பின்னால் போகச் சொல்லுங்கள். பின்செல் அழுத்தியே மூடியிருந்தால் அந்த எண் ஏற்கெனவே போயிருக்கும், இரண்டு படி போகாது.

இன்னொன்று. லிங்க்கின் ஹெச்ரெஃப்பில் படத்தின் உண்மையான முகவரி இருக்கிறது, அதை அப்படியே வையுங்கள். பலர் அங்கே வெறும் ஹேஷ் குறி போடுவார்கள், ஸ்கிரிப்ட் எங்காவது தடுக்கினால் பக்கம் உச்சிக்குத் தாவிவிடும். ஹெச்ரெஃப்பே இல்லாமல் விட்டால் டேப் விசையால் அந்த லிங்க்கை அடையவே முடியாது. நான் மவுஸ் இல்லாமல் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறவள், எனக்கு அந்த லிங்க் இல்லாததற்குச் சமம். கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்பவர் புதிய தாவலைக் கேட்கிறார். லிஸனரில் கன்ட்ரோல், மெட்டா (மேக்கில் கமாண்ட்), ஷிஃப்ட் மூன்றையும் பார்த்து, அழுத்தியிருந்தால் தலையிடாமல் விட்டுவிடுங்கள்.

நீங்கள் வாசகத்தைத் தட்டச்சு செய்து சேர்த்திருப்பதற்கு நன்றி. படமாக மட்டும் இருந்தால் என்னைப் போன்றவர்களால் ஒரு சொல்லும் படிக்க முடியாது.


கடிதப்பெட்டி:

எல்லாவற்றையும் செய்து முடித்தேன், 340-ம் திறக்கின்றன. டயலாக்குக்கு மாறியதும் என் கோட்டில் ஏறக்குறைய 60 வரி தேவையில்லாமல் போனது. பின்செல் பட்டன் விஷயம் என் நினைப்பிலேயே இல்லை. அத்தையிடம் கேட்டேன், "மூடுகிற குறியா? அது எங்கே இருக்கிறது?" என்றார். தடவிப்படிப்பவள், நீங்கள் சொன்னதுதான் உண்மை.

ஆனால் சோதிக்கும்போது ஒன்று பார்த்தேன், அது என்னை உறங்கவிடவில்லை. 41-ஐத் திறந்து உடனே மூடிவிட்டு 42-ஐத் திறந்தேன். 42-ன் படத்துக்குக் கீழே 41-ன் வாசகம் வந்து நின்றது. 41 அப்பா தன் நண்பருக்கு எழுதியது, 42 அம்மாவுக்கு எழுதியது. எழுத்து தவறலாம், ஒருவருக்கு எழுதிய சொற்கள் இன்னொருவர் கடிதத்தில் நிற்கக் கூடாது. வாசகம் தனி ஃபெட்ச்சில்தான் வருகிறது.


மரக்கிளை (பதில்):

கேட்ட வரிசையில் பதில்கள் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. 41-ன் பதில் தாமதமாகி 42-க்குப் பின்னால் வந்து மேலே எழுதிவிட்டது. இப்போது திறந்திருக்கும் கடித எண்ணை ஒரு மாறியில் (வேரியபிள்) வையுங்கள், மூடும்போது காலியாக்குங்கள். பதில் வந்ததும், தான் கேட்ட எண்ணும் மாறியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே எழுதட்டும். மாறியிருந்தால் பதிலைக் கைவிடட்டும். திறக்கும் கணத்திலேயே பழைய வாசகத்தைத் துடைத்துவிடுவதும் அவசியம். இல்லாவிட்டால் 42-ன் பதில் வரும்வரை முன்பு திறந்த கடிதத்தின் வரிகள் தெரியும்.

அபார்ட் கன்ட்ரோலர் கொண்டு பழைய ஃபெட்ச்சை ரத்தும் செய்யலாம். அப்படிச் செய்தால் அது பிழையாக வந்து விழும், அபார்ட் எரர் என்ற பெயரில். பிழைகளைப் பிடிக்கும் கேட்ச்சில் அதைத் தனியாகப் பிரித்து விட்டுவிடுங்கள். எண் சரிபார்ப்பை எப்படியும் வையுங்கள்.


கடிதப்பெட்டி:

வைத்துவிட்டேன். இணையத்தை வேண்டுமென்றே மெதுவாக்கி ஐம்பது முறை மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன், ஒன்றும் கலக்கவில்லை.

அத்தை நேற்று இரவு 151-லிருந்து 163 வரை படித்தார். ஒவ்வொன்றையும் மூடி அடுத்ததைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இருக்கிறதாம், கடிதத்துக்கு அடியிலேயே "அடுத்த கடிதம்" என்று கேட்கிறார். டயலாக்குக்குள் அப்படி ஒரு லிங்க் சேர்த்தேன், அது திறக்கிறது. திறக்கும் லிஸனர் டாக்குமென்ட் மேல் இருப்பதால் இந்த லிங்க்கும் அதன் கண்ணில் படுகிறது என்று நானே புரிந்துகொண்டேன். ஆனால் பத்துக் கடிதம் அடுத்தடுத்துப் படித்தால், வெளியே வரப் பத்து முறை பின்செல் அழுத்தவேண்டியிருக்கிறது.


தடவிப்படிப்பவள் (பதில்):

டயலாக் ஏற்கெனவே திறந்திருந்தால் புஷ் ஸ்டேட்டுக்குப் பதில் ரீப்ளேஸ் ஸ்டேட். இருக்கும் பதிவிலேயே எண் மட்டும் மாறும், ஒரே பின்செல்லில் பட்டியலுக்கு வந்துவிடுவார். கடிதம் மாறியதும் ஃபோகஸை டயலாக்கின் தலைப்புக்குக் கொண்டுபோங்கள், உருட்டலையும் மேலே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் 164-ஐ அவர் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்குவார்.


கடிதப்பெட்டி:

சரி, இரண்டையும் சேர்த்துவிட்டேன். அத்தை இப்போது 171-ல் இருக்கிறார்.